எட்டரை அடி அகலத்தில் குடித்தனம்

பிப்ரவரி 3

சாவி கைக்கு வந்துவிட்டது. சக்கரம் வைத்த வீடு. 22 அடி நீளம், 8.5 அடி அகலம். சொந்தமாகக் குட்டி வீடு ஒன்று கட்டிக்கொள்வதற்கு முன்னால் அதே மாதிரி ஒன்றில் வாடகைக்கு இருந்து பார்த்துவிடலாம் என்பது என் கணவருடைய யோசனை. எனக்கும் சரியென்று பட்டது.

இந்த வகை வீடுகள் எல்லாமே ரயில் பெட்டி மாதிரி இருப்பது ஏன் என்று யோசித்திருக்கிறேன். அழகுக்காக இல்லை. அமெரிக்கச் சாலைகளில் தனி அனுமதி வாங்காமல் இழுத்துப் போகக்கூடிய அகலம் 8.5 அடி. உயரம் பல மாநிலங்களில் 13.5 அடி. அங்கே ஆரம்பித்த அளவுதான் உலகம் முழுக்க வரைபடங்களில் சுற்றுகிறது. சுவரின் கனம் போக உள்ளே ஏழரை அடி மிஞ்சும். ஒருவர் அடுப்பின் முன்னால் நின்றால் இன்னொருவர் குளியலறைக்குப் போக அவரை நகரச் சொல்ல வேண்டும்.

பெட்டிகளை இன்னும் பிரிக்கவில்லை. பிரித்தால் உள்ளே இருப்பதற்கு இடம் தேட வேண்டுமே.

பிப்ரவரி 11

காலையில் ஜன்னல் கண்ணாடி முழுக்க நீர்த்துளி. அது பரவாயில்லை, துடைத்துவிடலாம். ஆனால் நாங்கள் தூங்குகிற பரணில் மெத்தையின் மூலையைத் தூக்கிப் பார்த்தபோதுதான் திக்கென்றது. அடியில் இருந்த ப்ளைவுட் பலகை நனைந்து, கடுகு அளவில் கறுப்புப் புள்ளிகள் வைத்திருந்தது. விரலால் தேய்த்தால் ஒட்டிக்கொண்டு வருகிறது. பூஞ்சை.

எங்கிருந்து இவ்வளவு தண்ணீர்? கணக்குப் போட்டால் புரிகிறது. இரண்டு பேர் தூங்கும்போது மூச்சிலும் வியர்வையிலும் போகிற நீர் ஒரு ராத்திரிக்கு அரை லிட்டருக்கு மேல். சமையல் எரிவாயு அதைவிட மோசம். ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கும் அதிகமான நீரை ஆவியாக வெளியே விடுகிறது. எரிவதிலிருந்தே வருவது இது, பாத்திரத்தில் கொதிப்பது தனி. பெரிய வீட்டில் இதெல்லாம் ஐந்தாறு அறைகளில் பரவிக் காணாமல் போய்விடும். இங்கே போக இடமில்லை. எந்தப் பரப்பு குளிர்ந்திருக்கிறதோ அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. மெத்தையின் மேல் பக்கம் எங்கள் உடம்புச் சூடு, கீழ்ப் பக்கம் காற்றே புகாத பலகை. வேறென்ன நடக்கும்?

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, பலகையைத் துடைத்துக் காயவைத்து, மெத்தைக்கு அடியில் மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடுக்கினோம். அடுப்பை இண்டக்‌ஷனுக்கு மாற்றியாகிவிட்டது. எக்ஸாஸ்ட் ஃபேன் இனி சமைக்கும்போது மட்டுமல்ல, சமைத்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடும். நாமே கட்டினால், வெளியே போகிற காற்றின் சூட்டை உள்ளே வருகிற காற்றுக்கு மாற்றிக் கொடுக்கும் கருவி ஒன்றைக் கட்டாயம் வைக்க வேண்டும்.

வீட்டைப் பார்க்க வருகிற நண்பர்கள் மடக்கு மேஜையைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். ஃபேனைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

பிப்ரவரி 24

குறையை மட்டும் எழுதினால் நியாயமில்லை. இந்த வீட்டில் எனக்குப் பிடித்தது வெளிச்சம். வீடு ஒடுங்கலாக இருப்பதால் எங்கே உட்கார்ந்தாலும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஜன்னல். இருட்டு மூலை என்று ஒன்று கிடையாது. பகலில் விளக்கு போட்ட ஞாபகமே இல்லை. வீட்டை முழுசாகப் பெருக்கித் துடைக்கக் கால் மணி நேரம் போதும். கடைக்குப் போனால் எதையாவது எடுத்துப் பார்ப்பேன், எங்கே வைப்பது என்று யோசிப்பேன், திரும்ப வைத்துவிடுவேன். ஆசையை அடக்குகிறேன் என்றெல்லாம் பெருமை பேசவில்லை. அலமாரிதான் அடக்குகிறது.

மார்ச் 8

இன்றைக்குக் கழிப்பறை. இதை எழுதாமல் குட்டி வீட்டைப் பற்றி எழுதுவது ஏமாற்று வேலை.

சாக்கடை இணைப்பு இல்லாத வீடு என்பதால் உரக் கழிப்பறை வைத்திருக்கிறார்கள். கோப்பையின் முன்பக்கம் சிறுநீர் தனியாக ஒரு குடுவைக்குப் போகும். பின்பக்கம் திடக்கழிவு, அதன் மேல் தென்னை நார்த்தூளோ மரத்தூளோ ஒரு கரண்டி. இரண்டும் கலந்தால்தான் நாற்றம், பிரித்துவிட்டால் அவ்வளவாக இல்லை. கூடவே, பெட்டிக்குள் இருக்கிற சின்ன விசிறி காற்றை எப்போதும் குழாய் வழியாக வெளியே இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதனால் நம்புங்கள், சாதாரணக் குளியலறையைவிட இங்கே வாடை குறைவு.

ஆனால் குடுவை நிரம்பும். இரண்டு பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய மூன்று லிட்டர். சுமந்துகொண்டு போய் ஊற்றுகிற வேலையை முறை வைத்துச் செய்கிறோம். "இன்னிக்கு உன் முறை" என்பார் அவர். "நேத்தும் நான்தாங்க" என்பேன். எங்கள் வீட்டில் இப்போது அதிகம் நடக்கிற பேச்சுவார்த்தை இதுதான். கழிவை எங்கே சேர்க்கலாம் என்ற விதி இடத்துக்கு இடம் மாறும், அதை நிலம் பார்க்கும்போதே விசாரித்துவிட வேண்டும்.

மார்ச் 21

அத்தை வந்திருந்தார். ஒரு ராத்திரி தங்கினார். பரணுக்கு ஏணியில்தான் ஏற வேண்டும். அத்தை ஏணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கீழே சோபாவில் படுத்துக்கொண்டார். ராத்திரி இரண்டு மணிக்கு அவர் எழுந்தபோது நாங்களும் எழுந்துவிட்டோம். இந்த வீட்டில் ஒருவர் எழுந்தால் எல்லோரும் எழுந்த மாதிரிதான்.

"எலி வளையானாலும் தனி வளைன்னு சொல்லுவாங்க. ஆனா நீங்க ரெண்டு பேரும் ஒரே வளைக்குள்ள இல்ல இருக்கீங்க?" என்றார் கிளம்பும்போது.

அது உண்மை. சண்டை போட்டால் போய் உட்கார இன்னொரு அறை இல்லை. கணவருக்கு அலுவலக அழைப்பு வந்தால் நான் பாத்திரம் கழுவ முடியாது.

ஏப்ரல் 12

கட்டடக் கலைஞர் லெ கோர்பூசியே 1952-இல் தனக்காகக் கட்டிக்கொண்ட குடிலின் வரைபடத்தை இன்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிரான்ஸின் தெற்குக் கடற்கரையில், கேப் மார்த்தனில். பக்கத்துக்கு 3.66 மீட்டர் என்று சதுரமான ஒரே அறை, உயரம் 2.26 மீட்டர். கை தூக்கி நிற்கும் மனிதனின் உயரம் என்று அவரே வகுத்துக்கொண்ட அளவு அது. நகரங்களையே வரைந்த மனிதர், விடுமுறைக்கு அந்த அறை போதும் என்று இருந்திருக்கிறார். 2016-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் அது சேர்ந்துவிட்டது.

சரி, சமையலறை எங்கே என்று தேடினேன். இல்லவே இல்லை. சுவரை ஒட்டியே ஓர் உணவகம், அங்கே போக ஒரு கதவு. சாப்பாடு அங்கே. குளிக்கக் கடல் இருந்தது.

இதைப் பார்த்த பிறகு, எங்களுக்கு எந்த நாளெல்லாம் நன்றாகப் போனது என்று திரும்பிப் பார்த்தேன். மழையில்லாமல் வெளியே மேஜை போட்டு உட்கார்ந்த நாள், கணவர் நூலகத்தில் போய் வேலை செய்த நாள், துணியை வெளியே சலவை இயந்திரத்தில் போட்டு வாங்கிய நாள். குட்டி வீடு தன்னிடம் இல்லாததை அக்கம்பக்கத்திலிருந்து கடன் வாங்கித்தான் ஓடுகிறது. கடன் கொடுக்க ஆளில்லாத இடத்தில் இதை நிறுத்தினால் வெறும் பெட்டிதான். வீட்டை எவ்வளவு அழகாக வடிவமைத்தாலும், கதவுக்கு வெளியே நடக்கிற தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு.

ஏப்ரல் 30

வெயில் ஏறிவிட்டது. சூடு மேலே போகும், நாங்கள் மேலே தூங்குகிறோம். பரணில் நள்ளிரவு வரைக்கும் படுக்க முடியவில்லை. இருவரும் கீழே தரையில்.

பரணில் ஒரு கூரை ஜன்னல் இருக்கிறது, ஆனால் திறக்காது. கண்ணாடியைச் சட்டத்தோடு ஒட்டி வைத்திருக்கிறார்கள். காற்றுக்கு மட்டும் இல்லை, ஏணிப் பக்கம் தீப்பிடித்தால் தப்பிக்க அது ஒன்றுதான் வழி. அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் வீட்டுக் கட்டட விதித்தொகுப்பின் 2018 பதிப்பில் 400 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கென்றே ஒரு பின்னிணைப்பு உண்டு. தூங்குகிற பரண் குறைந்தது 35 சதுர அடி, எந்தப் பக்கமும் 5 அடிக்குக் குறையக்கூடாது, தப்பிக்க வழி வேண்டும், அதற்குக் கூரை ஜன்னலை வைத்துக்கொள்ளலாம் என்கிறது. எங்கள் பரண் பரப்பளவில் பாஸ், ஜன்னலில் ஃபெயில். வீட்டுக்காரருக்கு எழுதியிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.

மே 19

கட்டுவதற்கு மதிப்பீடு வாங்கினோம். மொத்தத் தொகை பெரிய வீட்டைவிடக் குறைவுதான். ஆனால் சதுர அடிக்கு என்று வகுத்தால் அதிகம். யோசித்தால் ஆச்சரியமில்லை. ஒரு வீட்டில் செலவு பிடிப்பது சமையலறை, குளியலறை, மின்சாரம், குழாய் வேலை. குறைவாகச் செலவாவது வெறும் அறை. குட்டி வீட்டில் வெறும் அறையைத்தான் வெட்டித் தள்ளுகிறோம், விலையுள்ளதெல்லாம் அப்படியே இருக்கிறது. அப்புறம் நிலம். சக்கரம் வைத்தால் சட்டப்படி அது சில இடங்களில் வாகனம், சில இடங்களில் வீடு, சில இடங்களில் இரண்டுமே இல்லை. வீட்டுக் கடன் கொடுக்கிற வங்கி முகத்தைச் சுளிக்கிறது. சக்கரம் வைத்துக் கட்டினால் ட்ரெய்லர் அச்சு தாங்கும் எடையையும் பார்க்க வேண்டும், எல்லாப் புத்தகங்களையும் ஒரே பக்கத்தில் அடுக்க முடியாது.

"சக்கரம் எதுக்கு? நாம எங்க போகப் போறோம்?" என்றார் அவர். இந்த வீட்டை ஒரு நாளும் நகர்த்தவில்லை.

ஜூன் 14

புது வரைபடம் ஒரு மாதிரி வந்துவிட்டது. சக்கரம் இல்லை, அஸ்திவாரம். 380 சதுர அடி. படுக்கை கீழே, கதவு போட்ட தனி அறையில். பரண் சாமானுக்கு மட்டும். வெளியே கூரை போட்ட திண்ணை ஒன்று, கிட்டத்தட்ட வீட்டில் பாதி அளவு. அதை அவர் சின்னதாக்கப் பார்த்தார், நான் விடவில்லை. இரண்டு நிலங்கள் பார்த்து வைத்திருக்கிறோம். மலிவானது ஊருக்கு வெளியே, பேருந்து வராது. மற்றதில் இடம் கம்மி, ஆனால் நூலகமும் சந்தையும் நடந்துபோகும் தூரம். இரண்டாவதற்கு முன்பணம் கொடுக்க நாளைக்குப் போகிறோம்.