கொச்சியில் இருப்பதாகச் சொன்ன லேப்டாப்

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் குமுளியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தால் வருகிற வேலையில் பாதி ஏலக்காயோடுதான் வரும். முதலாளி வீடு கம்பத்திலோ போடியிலோ இருக்கும், தோட்டம் மலைமேல் வண்டன்மேட்டுப் பக்கம் இருக்கும். மேலே கணக்கு எழுத ஓர் ஆள், அவர் கையில் ஒரு லேப்டாப். முன்பெல்லாம் சந்தேகம் வந்தால் முதலாளி ஜீப்பை எடுத்துக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பார். இப்போது என் கடைக்கு வந்து, "தம்பி, அது எங்க இருக்கு, அதுல என்ன பண்றாங்கன்னு போன்லயே தெரியிற மாதிரி ஒண்ணு போட்டுக் குடுப்பா" என்கிறார்.

இவை இரண்டும் வேறு வேறு வேலை. காணாமல் போன பொருளைத் தேடுவது ஒன்று, பொருளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவரை வேவு பார்ப்பது இன்னொன்று. விற்கிறவர்கள் இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்பதால், வாங்குகிறவருக்கும் ஒன்றாகவே தெரிகிறது. முதலாவதை யார் கேட்டாலும் சந்தோஷமாகப் போட்டுத் தருவேன். இரண்டாவது என்றால், "கணக்கு எழுதுறவங்ககிட்ட சொல்லிட்டீங்களாண்ணே?" என்று கேட்பேன். பாதிப் பேர் அதோடு பேச்சை மாற்றிவிடுவார்கள்.

கம்பத்து முதலாளி ஒருவர் என்னிடம் கேட்காமலே இணையத்தில் பணம் கட்டி ஒரு கண்காணிப்பு மென்பொருளை வாங்கிப் போட்டுவிட்டார். ஒருநாள் காலையிலேயே போன். "நம்ம தோட்டத்துல கணக்கு எழுதுற பிள்ளை, காய் ஸ்டோர்லதான் இருக்கேன்னு சொல்லுது. இதுல எர்ணாகுளம்னு காட்டுது. அங்க என்ன சோலி அதுக்கு?" குரலில் அந்தப் பெண்ணை வேலையை விட்டு நிறுத்துகிற கோபம். நான் உடனே அந்தப் பெண்ணுக்கு வீடியோ கால் போட்டேன். பின்னால் பச்சைக்காய் மூட்டை, எடைத் தராசு, தலையில் துண்டு கட்டிய பெண்கள் வரிசை. எர்ணாகுளமாவது ஒன்றாவது!

நடந்தது இதுதான். பெரும்பாலான லேப்டாப்பில் ஜி.பி.எஸ். கிடையாது. சுற்றியிருக்கிற வைஃபை பெட்டிகளின் அடையாள எண்களைப் பொறுக்கி, கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்றவர்கள் சேர்த்து வைத்திருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் அது தன் இடத்தைக் கணிக்கிறது. ஊருக்குள் என்றால் தெரு வரைக்கும் சரியாகச் சொல்லும். ஏலத்தோட்டத்துக்கு நடுவில் ஏது பக்கத்து வீட்டு வைஃபை? அப்போது மிஞ்சுவது, இணையத்தில் சேரும்போது கிடைக்கிற எண்ணான ஐ.பி. முகவரி மட்டும். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஓடுகிற லேப்டாப்பின் ஐ.பி. முகவரி, அந்த செல்போன் கம்பெனியின் இணைய வாசல் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரைத்தான் பெரும்பாலும் காட்டும். கேரள சிம் என்றால் கொச்சி, அதாவது முதலாளி பார்த்த எர்ணாகுளம்; தமிழ்நாட்டு சிம் என்றால் சென்னை. எல்லையில் இருக்கிற நாங்கள் இரண்டு சிம்மும் வைத்திருப்போம். காலையில் கொச்சி, மத்தியானம் சென்னை, சாயந்திரம் மறுபடி கொச்சி. ரிப்போர்ட்டைப் படிக்கிறவருக்கு அந்தப் பிள்ளை விமானத்தில் பறக்கிற மாதிரி இருக்கும். வீடு மாறியவர் பழைய வைஃபை பெட்டியைக் கூடவே கொண்டுவந்துவிட்டால், பட்டியல் திருந்தும் வரைக்கும் அதுவும் பழைய ஊரையே சொல்லும்.

அந்த முதலாளியிடம் கடைக்கு வரச் சொல்லி, மீதி ரிப்போர்ட்டையும் பார்த்தேன். சில நிமிடங்களுக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட். கணக்கு எழுதும் மென்பொருளான டேலி, டேலி, டேலி, நடுவில் வாட்ஸ்அப்பில் அந்தப் பெண் தன் அம்மாவின் மருந்துச் சீட்டைப் பெரிதாக்கிப் பார்க்கிற படம். சனிக்கிழமை முழுக்கச் சிவப்பில் 'செயலற்ற நேரம்'. சனிக்கிழமைதான் சம்பளம் போடுகிற நாள். நோட்டை விரித்து, ஆள் பெயர் கூப்பிட்டு, பணம் எண்ணிக் கொடுக்கிற நாளில் மவுஸை யார் தொடுவது? அந்த மென்பொருளின் கணக்கில் அந்தப் பெண் அன்று தூங்கியிருக்கிறார்.

அதைவிட மோசம் விசைப்பலகைப் பதிவு. அடித்த ஒவ்வொரு எழுத்தும் அதில் வரிசையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முதலாளியே தோட்டத்துக்குப் போய் அதே லேப்டாப்பில் பேங்க் வேலை பார்த்திருக்கிறார். அவருடைய பாஸ்வேர்ட் எழுத்துக்கு எழுத்து அங்கே கிடந்தது. யாரென்றே தெரியாத ஒரு கம்பெனியின் சர்வரில் அது போய் உட்கார்ந்துவிட்டது. அதைக் காட்டியதும்தான் மனுஷன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேலைக்காரப் பிள்ளையின் மருந்துச் சீட்டு அவரை அசைக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

திருட்டைப் பிடிக்க என்று போட்டது எங்கே போய் நிற்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய வழக்கே இருக்கிறது. பென்சில்வேனியாவில் லோயர் மெரியன் பள்ளி மாவட்டம் மாணவர்களுக்குக் கொடுத்த மேக்புக்குகளில், காணாமல் போனால் கண்டுபிடிக்க ஒரு மென்பொருளை வைத்திருந்தது. அது வெப்கேமில் தானாகப் படம் எடுக்கும். மாணவர்கள் வீட்டில், தங்கள் அறையில் இருக்கும்போதும் எடுத்திருக்கிறது. 2010-ல் விஷயம் வெளியே வந்து, விசாரித்தபோது ஸ்க்ரீன்ஷாட்டுகளையும் சேர்த்து 50,000-க்கும் மேற்பட்ட படங்கள். அதே ஆண்டு 6,10,000 டாலருக்கு வழக்கை முடித்துக்கொண்டார்கள்.

நம் சட்டத்தைக் காட்டி வாதாடுகிற முதலாளிகளும் உண்டு. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை தொடர்பாகவும் முதலாளியை நட்டத்திலிருந்து காக்கவும் ஊழியரின் தகவலைப் பயன்படுத்த இடம் கொடுக்கிறது. வாஸ்தவம்தான். அதை வைத்து அம்மாவின் மருந்துச் சீட்டு வரைக்கும் போகலாம் என்று நான் படிக்கவில்லை. வீட்டுக்காரம்மாவின் லேப்டாப்பில் போட்டுத் தரச் சொல்லி வருகிறவர்களுக்கு வாசலிலேயே பதில்: தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66-ஆம் பிரிவுகள், அடுத்தவர் கம்ப்யூட்டரில் அனுமதி இல்லாமல் மோசடி எண்ணத்தோடு நுழைந்தால் மூன்று வருஷம் வரை சிறை. வந்தவர் பிறகு டீ கூடக் குடிக்காமல் போய்விடுவார்.

சரி, கம்பத்து முதலாளிக்கு என்ன செய்து கொடுத்தேன்? அந்த மென்பொருளைக் கழற்றினேன், பாஸ்வேர்டை மாற்ற வைத்தேன். விண்டோஸிலேயே இருக்கிற 'என் சாதனத்தைக் கண்டுபிடி' வசதியை அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இயக்கினேன். அது கடைசியாக இணையத்தில் இருந்த இடத்தைக் காட்டும், தூரத்திலிருந்தே பூட்டவும் விடும். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றால் தொலைந்த சாதனத்தைத் தேட, சிலி நாட்டில் பிறந்த 'ப்ரே' என்ற மென்பொருள் இருக்கிறது. இவை எதுவும் சர்வரோக நிவாரணி இல்லை. திருடியவன் ஃபார்மட் அடித்தால் இரண்டும் போச்சு. அதனால் உள்ளே இருப்பதையெல்லாம் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டு, அதன் மீட்புச் சாவியை அச்செடுத்து அவர் பீரோவில் வைக்கச் சொன்னேன். லேப்டாப் போனாலும் கணக்கு வெளியே போகாது. அப்புறம், அந்தப் பெண்ணுக்குத் தனி யூசர், முதலாளிக்குத் தனி யூசர். 'இந்த லேப்டாப் இருக்கும் இடம் அலுவலகத்துக்குத் தெரியும்' என்று ஒரு தாளில் எழுதி அந்தப் பெண்ணிடம் கையெழுத்து.

செல்போன் தொலைந்தால் அதன் தனி அடையாளமான ஐ.எம்.இ.ஐ. எண்ணை வைத்து முடக்க 2023 முதல் நாடு முழுவதற்கும் அரசின் இணையதளம் இருக்கிறது. சிம் போடும் வசதி இல்லாத லேப்டாப்புக்கு அந்த எண்ணே கிடையாது. அடியில் ஒட்டியிருக்கிற சீரியல் நம்பர்தான் கதி. ஸ்டிக்கர் உரிந்துவிடும், அதனால் நான் பில்லிலேயே பேனாவால் எழுதிக் கொடுத்துவிடுவேன். குமுளியில் பஸ் ஏறி லோயர் கேம்ப் தாண்டிப் பார்க்கும்போது பை இல்லை என்றால், கேரளா போலீஸ் ஸ்டேஷனா தமிழ்நாடு போலீஸ் ஸ்டேஷனா என்று அலைய வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ஸின் 173-ஆம் பிரிவுப்படி, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். "அது அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். சீரியல் நம்பர் எழுதிய பில்லையும் கையோடு கொண்டு போங்கள்.