மேலே ஒன்றையும் காணோமே

"மேலே ஒன்றையும் காணோமே தம்பி?" மாட்டுக்கொட்டகைக்கு மின்னல் பாதுகாப்பு வேலையைச் செய்துவிட்டுக் கணக்கு முடிக்கும் நேரத்தில், கொட்டகைக்காரப் பெரியவர் இப்படிக் கேட்டார். நான் சொன்ன பதில் சரியானதுதான். ஆனாலும் அந்தப் பேச்சு மனதைவிட்டு அகலவில்லை.

அவரிடம் இருந்த பணம் கூரைமேல் இடிதாங்கிக்கும் மண்ணுக்குள் எர்த்துக்கும் சேர்த்துப் பற்றாது. மின்னலை மண்ணுக்குள் இறக்கும் எர்த் இல்லாத இடிதாங்கி வீண் என்பதால் எல்லாவற்றையும் மண்ணிலேயே போட்டேன். சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, அரை மீட்டர் ஆழத்தில், கொட்டகையைச் சுற்றி ஜி.ஐ. பட்டை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டை. இரும்புத் தூண்கள், தண்ணீர்க் குழாய், மாடு கட்டும் கம்பி எல்லாம் அதோடு இணைந்தன. மின்னல் நேரே மேலே விழ வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் விழுந்து தரையில் பரவினாலே முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே மின்னழுத்தம் எழுந்துவிடும். இதயம் அந்த வழியில்தான் இருக்கிறது. மாட்டுக்கு அந்த இடைவெளி ஏறத்தாழ ஒன்றரை மீட்டர்.

"மேலே கூரைத் தகரமே போதும் ஐயா" என்றேன். மின்னல் பாதுகாப்புக்கான ஐ.எஸ்./ஐ.இ.சி. 62305 தரநிலை அரை மில்லிமீட்டர் இரும்புத் தகட்டையே மின்னலை ஏற்கும் பகுதியாக ஒப்புக்கொள்கிறது. ஓட்டை விழுந்தால் பரவாயில்லை, கீழே தீப்பற்றும் பொருள் இல்லை என்றால் மட்டும்.

"காசை மண்ணில் புதைத்துவிட்டீர்களே" என்று சிரித்தார். விட்டத்தின்மேல் அடுக்கியிருந்த வைக்கோலைக் காட்டினேன். "இதை வெளியே போராக வைத்துவிடுங்கள்."

"ஆகட்டும் தம்பி."

அந்த 'ஆகட்டு'மின் பொருள் எனக்குத் தெரியாதா? மழையில் நனையாத இடம் அவருக்கு வேறு இல்லை. எழுதிக் கொடுத்தேன், கையெழுத்தும் வாங்கினேன். தீப்பிடித்தால் அந்தக் கையெழுத்து காப்பாற்றுவது என்னைத்தான், மாடுகளை அல்ல. ஆனால் பணத்தைக் கூரையில் போட்டு மண்ணைக் குறைத்திருந்தால்? அது இதைவிட மோசம். நூறு மீட்டர் ஆரத்துக்குக் காக்கும் என்று இன்னொருவர் விலை பேசிவிட்டுப் போன நவீனக் கருவியை வாங்கவிடாமல் தடுத்ததில் மட்டும் எனக்குச் சஞ்சலமே இல்லை. அந்த ஆரக் கணக்கைத் தரநிலை ஏற்பதில்லை.

இப்போதெல்லாம் வைக்கோல் வைக்கும் கொட்டகை என்றால் விலைப்பட்டியலின் முதல் வரியிலேயே இடிதாங்கியை எழுதிவிடுகிறேன். பெரும்பாலும் அந்த வரியைத்தான் அடிக்கிறார்கள். அடித்தவுடன் வேலை வேண்டாம் என்று எழுந்து வந்துவிடலாம். வந்தால் மண்ணில் பட்டையும் இருக்காது. அதனால் செய்து கொடுக்கிறேன், வைக்கோலைப் பற்றி எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு.