ஒன்பது நாளுக்கு ஒரு ஃபோர் வீல்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் போகும் சாலையில் ஓர் இடத்தில் திரும்பி உள்ளே போனால் எங்களுக்கு 6 ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப் பனை) இருக்கிறது. அப்பா வாங்கிப் போட்டது. தார் முடிந்த பிறகு ஒன்றரை கிலோமீட்டர் செம்மண் பாதை. அதில் கடைசியாக வரும் ஏற்றம்தான் இந்தக் கதைக்கே காரணம். வெயில் நாளில் பழம் ஏற்றும் லோரி முனகிக்கொண்டே ஏறிவிடும். மழை பெய்த மறுநாள் லோரிக்காரத் தம்பி அடியிலேயே நிறுத்திவிட்டுப் போன் செய்வான்: "அண்ணே, ஏறாது லா. நாளைக்குப் பாப்போம்."

செம்பனைக்கு நாளைக்கு என்பது ஆகாது. வெட்டின குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்விட்டால் நல்லது. கிடக்கக் கிடக்க எண்ணெயில் அமிலம் ஏறும். பழம் வாங்கும் ரேம்ப்பில் தவுக்கே (முதலாளி) குலையைக் காலால் புரட்டிப் பார்ப்பார், ஒன்றும் பேசமாட்டார், எடையில் கழித்துவிடுவார். 2024 அக்டோபரில் இரண்டு வெட்டு அடுத்தடுத்து அப்படிக் கழிபட்டதும், நமக்கென்று ஒரு ஃபோர் வீல் (நான்கு சக்கரமும் இழுக்கும் பிக்கப்) வேண்டும் என்று வீட்டில் ஆரம்பித்தேன்.

பழம் வெறும் சாக்குப்போக்கு என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். எனக்கு அந்த ஆசை சின்ன வயதிலேயே பிடித்தது. தோட்டத்துத் துரையின் லேண்ட் ரோவர் தொழிலாளர் லயத்தைத் தாண்டிப் போனால் நாங்கள் பின்னாலேயே ஓடுவோம். லேண்ட் ரோவர் முதன்முதலில் வெளிவந்தது 1948-இல். அதே ஆண்டு ஜூன் 16-ஆம் தேதி எங்கள் பக்கத்து எல்பில் தோட்டத்தில் துரை சுடப்பட்டதைத் தொடர்ந்துதான் மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் வந்தது. இங்குள்ள பெரியவர்கள் பேச உட்கார்ந்தால் துரை, ஜீப்பு, துப்பாக்கி மூன்றும் ஒரே மூச்சில் வரும். எனக்கு அதில் ஜீப்பு மட்டும் மனதில் தங்கிவிட்டது. தோட்டத்துக்கு நான் போவது என்னவோ பழைய இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிளில்தான்.

புதிது வாங்கும் வசதி இல்லை. பழையது, டீசல், கியர் போட்டு ஓட்டுவது, விலை 45,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போகக் கூடாது. இதுதான் நான் போட்டுக்கொண்ட கோடு. பத்து வயது தாண்டின வண்டிக்கு வங்கிக் கடனை நம்பிப் பயனில்லை என்று தெரியும். கையில் இருந்த சேமிப்பும், ஜனவரியில் எடுக்கவிருந்த கூட்டுப் பணமும் (சீட்டுப் பணம்) சேர்ந்தால் பாதிக்கு மேல் வரும். மீதிக்கு இபிஎஃப் என்ற சேமநிதியில் எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கில் கை வைக்கச் சொன்னான் மச்சான். 2024 மே மாதம் அந்தக் கணக்கைத் திறந்துவிட்டதிலிருந்து எதற்கெடுத்தாலும் அவனுக்கு அதுதான் பதில்.

டீசல் விலையைச் சொல்லிப் பயமுறுத்தியவர்கள் பலர். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் உதவித்தொகையை நிறுத்தியபோது லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து ஒரே ராத்திரியில் 3.35-க்குத் தாவியது. ஆனால் உட்கார்ந்து கணக்குப் போட்டால் அது அவ்வளவு பெரிய பூதமாகத் தெரியவில்லை. சொகுசு ரகம் இல்லாத டீசல் வண்டி நம் பெயரில் இருந்து, ஆண்டு வருமானமும் 100,000 வெள்ளிக்குள் இருந்தால் புடி மடானி என்ற அரசாங்க உதவித் திட்டத்தில் 2024-இல் மாதம் 200 வெள்ளி வந்தது. லிட்டருக்கு 1.20 கூடுதல் என்று வைத்தால் 166 லிட்டருக்கான வித்தியாசத்தை அது அடைத்துவிட்டது. நான் மாதம் 100 லிட்டர் கூட ஊற்றப்போவதில்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: பழைய சொந்தக்காரருக்கு வந்த பணம் வண்டியோடு நமக்கு வராது, நம் பெயரில் புதிதாக மனுப் போட வேண்டும். (பெட்ரோல் நிலையத்தில் ஊற்றும் பி10 டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து செய்தது. என் குலையே டாங்கியில் ஏறி என் குலையை இழுத்து வரும் என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். சிரிக்கவில்லை.)

வண்டி பார்க்கப் பட்டறை அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். முப்பது வருஷமாகத் தோட்டத்து டிராக்டரும் லோரியும் பார்த்தவர். கூலியாகக் கேட்டது பசியாறல் (காலைச் சாப்பாடு) மட்டும். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: "நாம போறதுக்கு முன்னாடி என்ஜினைச் சூடு பண்ணக் கூடாதுன்னு சொல்லிடு."

முதலில் ஈப்போவில் ஒரு பழைய வண்டிக் கடையில் 2011 ஹைலக்ஸ், 2.5 லிட்டர். கறுப்பு நிறம், கண்ணாடி மாதிரி மின்னியது. கேட்ட விலை 49,000. மீட்டரில் 148,000 கிலோமீட்டர். அண்ணன் பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். சூடாக இருந்தது. காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் டீசலைச் சூடாக்கி வைத்தால் ஒரே சாவியில் கிளம்பிவிடும், முதல் புகை எந்த நிறத்தில் வந்தது என்றும் நமக்குத் தெரியாது. வெள்ளையாக வந்து நிற்காமல் இருந்தால் டீசல் சரியாக எரியவில்லை அல்லது தண்ணீர் உள்ளே போகிறது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. மிதிக்கும்போது கொஞ்சம் கறுப்பு வருவது பழைய டீசலில் சகஜம். கொட்டினால்தான் இன்ஜெக்டரையோ டர்போவையோ சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதே வாயில் தலைகீழாக வைத்தார். மூடி தட்டு மாதிரி ஆடியது. பிஸ்டனைத் தாண்டிக் காற்று கீழே கசிகிறது என்று அர்த்தம். கொஞ்சம் ஆடினால் பரவாயில்லை, இது குதித்தது. 150,000-ஐ ஒட்டி இந்த என்ஜினுக்கு டைமிங் பெல்ட் மாற்ற வேண்டும், மீட்டரோ அதற்குச் சற்று முன்னால் வசதியாக நின்றிருந்தது. விற்பனையாளர் ஒன்றைப் பெருமையாகச் சொன்னார்: ஃபோர் வீலை ஒரு தடவைகூடப் போட்டதில்லையாம். வெளியே வந்ததும் அண்ணன், "பதிமூணு வருஷம் போடாத ஃபோர் வீல், இனிமே போட்டா விழுமான்னு யாருக்குத் தெரியும்?" என்றார். நிஜமாகவே அந்தக் கம்பி 4எச்-இல் (ஃபோர் வீல் நிலை) விழ அரை நிமிடம் பிடித்தது, விளக்கு கண்ணடித்துக்கொண்டே இருந்தது.

இங்கே ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன், நானும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். இந்த வகைப் பிக்கப்களில் ஃபோர் வீலைச் சோதிக்கிறேன் என்று காய்ந்த தார் ரோட்டில் 4எச் போட்டு வளைக்கக் கூடாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் ஓடுவதில்லை. அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ள நடுவில் டிஃப் (டிஃபரன்ஷியல்) இல்லாததால் வண்டி பிரேக் பிடித்தது போல் இழுக்கும், உள்ளே பல்சக்கரம் முறுக்கேறும். சரளைக் கல்லிலோ புல்லிலோதான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது 2010 டிரைட்டன், சொந்தக்காரர் நேராக விற்றது, 29,000. மலிவு என்றதும் எனக்குக் கை அரித்தது. என்ஜின் நன்றாகத்தான் இருந்தது. அண்ணன் அட்டை ஒன்றை விரித்துக் கீழே படுத்தார், வெளியே வர பத்து நிமிடமாயிற்று. சேசிஸ் முழுக்கப் புதுக் கறுப்புப் பெயின்ட். ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வந்தவர், பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் சத்தம் மாறியதும் சுரண்டினார். பெயின்டோடு துரு செதில் செதிலாக உதிர்ந்தது, அதற்குக் கீழே வெல்டிங் தையல். "என்னா ஏத்துனீங்க?" என்று கேட்டார். உரம் என்றார் அவர், மறைக்கவில்லை. செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு, உப்பு ஜாதி. மூட்டை கிழிந்து கொட்டி, மழையில் கரைந்து இடுக்கில் இறங்கினால் இரும்பைச் சும்மா விடுமா? எங்கள் ஊர்ப்பக்கப் பிக்கப்களுக்குக் கடற்கரை தேவையில்லை, உரக் கொட்டகையே போதும்.

அந்த மனிதர் கடைசியில் வண்டிகளைச் சோதிக்கும் புஸ்பாகோம் நிறுவனத்தின் பி5 அறிக்கையை நீட்டினார், பாஸ். நானும் அதுவரை பி5 பாஸ் என்றால் வண்டி நல்ல வண்டி என்றுதான் நினைத்திருந்தேன். அது பெயர் மாற்றத்துக்கான சோதனை, அப்போது கட்டணம் 30 வெள்ளி. வங்கிக் கடன் எடுத்தால் பி7 என்று இன்னொன்று, 60 வெள்ளி. என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் கெரானில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) உள்ளபடி இருக்கிறதா, ஒட்டு வெட்டு நடந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆயில் மூடி குதிக்கிறதா என்று அங்கே யாரும் பார்க்கப்போவதில்லை. "அந்த வெல்டிங்கை எப்படி விட்டாங்க?" என்று கேட்டேன். அண்ணன் பதில் சொல்லாமல் கை துடைத்தார்.

மூன்றாவது வண்டியைப் பற்றி எழுதும்போது இப்போதும் மனது கொஞ்சம் அங்கே போகிறது. 2013 டி-மேக்ஸ், 2.5 லிட்டர், வெள்ளை. ஓய்வுபெற்ற ஒரு கிராணி (தோட்டத்துக் கணக்கர்) ஐயாவுடையது. கேட்ட விலை 43,000. நாங்கள் காலை ஏழு மணிக்குப் போனோம், வண்டி பனியில் நனைந்து நின்றது. சாவி போட்டார், க்ளோ விளக்கு அணையும்வரை காத்திருந்தார், ஒரே சுற்றில் பிடித்தது. மூடி லேசாக நடுங்கியது, அவ்வளவுதான். இந்த என்ஜினுக்கு பெல்ட் இல்லை, செயின். டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலும் முன் டிஃப் ஆயிலும் தண்ணீர் கலந்தால் பால் போட்ட தேநீர் மாதிரி ஆகிவிடும். அண்ணன் விரலில் தொட்டுப் பார்த்தார், தெளிவாக இருந்தது. குறை என்று சொன்னால் முன் இடது சக்கரத்து அச்சை மூடும் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருந்தது, சீட்டுத் துணி கந்தல். அப்புறம் ஐயா உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். பத்து வருஷத்து ரசீது, தேதிவாரியாக. கிராணி கிராணிதான். வங்கியின் உரிமைக்கோரல் நீக்கிய கடிதம்கூட அதில் இருந்தது. ஜேபிஜே-யில் (சாலைப் போக்குவரத்து இலாகா) சம்மன் பாக்கி ஏதும் இல்லை என்பதை அவரே போனில் திறந்து காட்டினார்.

"41-க்குத் தருவீங்களா ஐயா?"

"42. பூட் நீ மாத்திக்கோ தம்பி. ஒரு வாரம் யாருக்கும் குடுக்கமாட்டேன்."

வழி நெடுக அண்ணன் அதிசயமாக வாயை மூடிக்கொண்டு வந்தார். அவரிடமிருந்து இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடைக்காது.

அன்று இரவு மனைவி லோரி ரசீதுக் கட்டை எடுத்து மேசையில் வைத்தாள். "ஆறு மணி நேரம் வண்டியைப் பாத்தீங்க. இதை அரை மணி நேரம் பாருங்க." 14 நாளுக்கு ஒரு வெட்டு, ஆண்டுக்கு 26. ஒவ்வொன்றும் ஒன்றரை டன்னுக்குக் கொஞ்சம் மேல். லோரிக்காரத் தம்பிக்கு ஆண்டு முழுக்கக் கொடுத்தது 1,700 வெள்ளி கூட வரவில்லை. லோரி ஏறாத வெட்டுகள் ஐந்து. அந்த ஐந்தில் குலை கிடந்த நாட்களைக் கூட்டினாள்: ஒன்பது. தவுக்கே கழித்ததையும் சேர்த்தாள், அதுவும் பெரிய தொகை இல்லை. எதிர்ப்பக்கத்தில் 42,000 வெள்ளி, இன்சூரன்ஸ், டயர், சாலை வரி. அதுவும் அந்தப் பிக்கப்பில் ஒன்றரை டன்னை ஒரே நடையில் ஏற்றக் கூடாது, இரண்டு நடை. ஏற்ற இறக்க ஆள் யார்? நான்தான், ஈப்போவில் ஷிப்ட் முடித்து வந்து.

நான் சும்மா இருக்கவில்லை. கல்யாணம், சாவு, மழை, கோலாகங்சாரில் அம்மாவின் மருத்துவமனை என்று எல்லாவற்றையும் பிக்கப்பின் கணக்கில் எழுதிப் பார்த்தேன். அதற்கெல்லாம் வீட்டில் நிற்கும் வாஜா காரே போகிறது என்றாள்.

ஐந்தாம் நாள் மழை. வேண்டுமென்றே மோட்டாரை அடியில் நிறுத்திவிட்டு ஏற்றத்தில் நடந்தேன். அதுவரை ஒரு முறைகூட அதை நடந்து பார்த்ததில்லை, திட்டிக்கொண்டே ஏறியதுதான். சறுக்கும் இடம் அறுபது மீட்டர்தான். மேலே டுரியான் தோட்டத்தின் வாய்க்கால் தூர்ந்துபோய்த் தண்ணீர் முழுக்க பாதையில் இறங்கிக்கொண்டிருந்தது. செம்மண் கரைந்து சோப்புக் கட்டி மாதிரி கிடந்தது. இதில் ஃபோர் வீலும் ஏறியிருக்கும், ஆனால் வருஷா வருஷம் குழி ஆழமாகியிருக்கும்.

அந்தப் பாதையை நாங்கள் நான்கு பேர் பயன்படுத்துகிறோம். மேல் தோட்டத்துத் தவுக்கே, ஒரு பாக்சிக் (மலாய்க்காரப் பெரியவர்), என் சித்தப்பா மகன், நான். நால்வரையும் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) உட்கார வைக்க மூன்று வாரம் ஆயிற்று. வண்டி வாங்குவதைவிட அது கஷ்டம், விவரிக்கப்போவதில்லை. மார்ச்சில் ஒரு நாள் பேக்ஹோ பிடித்து வாய்க்காலைத் திருப்பினோம், குறுக்கே சிமெண்டுக் குழாய் பதித்தோம், ஆறு லோரி கல் கொட்டி அமுக்கினோம். மொத்தம் 7,600 வெள்ளி, ஆளுக்கு 1,900.

கிராணி ஐயாவிடம் சொல்லப் போனபோது எனக்கு முகம் கொடுக்கக் கூச்சமாக இருந்தது. அவர் ரசீது டின்னை மூடிவிட்டு, "சரி தம்பி, கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றார்.

ஏப்ரல் மழையில் லோரி ஏறியது. தம்பி மேலே வந்து ஹார்ன் அடித்தான். அதற்குப் பின்னாலேயே ஒரு வெள்ளை டி-மேக்ஸ் ஏறி வந்தது. மேல் தோட்டத்துத் தவுக்கே. மாமாக் கடையில் நான்தான் அந்த வண்டியைப் பற்றி அத்தனை விவரமாகச் சொல்லியிருந்தேன், 42-க்கே வாங்கியிருக்கிறார். ஜன்னலை இறக்கிச் சிரித்தார். குனிந்து முன் இடது சக்கரத்தைப் பார்த்தேன், பூட்டை இன்னும் மாற்றவில்லை.