அரை டம்ளர் மோர்

22 வயது வரை பால் எனக்கு ஒரு பிரச்சினையே இல்லை. கும்பகோணத்துக்காரன். காலையில் டபராவில் ஆற்றிய காபி உள்ளே போகாவிட்டால் பல் தேய்த்த மாதிரியே இருக்காது.

சென்னையில் வேலைக்குச் சேர்ந்த வருஷம்தான் தொல்லை தொடங்கியது. காபி குடித்த அரை மணியில் வயிறு கடமுடாவென்று உருளும், பக்கத்து நாற்காலிக்காரருக்கே கேட்கும். அப்புறம் உப்புசம், ஓட்டம். மெஸ் சாப்பாடு, எண்ணெய், டென்ஷன் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அம்மா ஃபோனில், "வயித்துப் புண்ணா இருக்கும்டா, ராத்திரி ஒரு டம்ளர் பால் குடிச்சிட்டுப் படு" என்றாள். எட்டு மாதம் அதைத் தவறாமல் செய்தேன்.

விழுப்புரம் தாண்டி ஒரு நள்ளிரவில், பேருந்தை நிறுத்தச் சொல்லி நடத்துநரிடம் கெஞ்ச வேண்டி வந்தது. மறுவாரமே குடல் மருத்துவரைப் பார்த்தேன்.

மூச்சுப் பரிசோதனை என்றார். முந்தின இரவு வெறும் சோறு, பிறகு பட்டினி. காலையில் ஒரு கருவியில் ஊத வைத்துவிட்டு, 25 கிராம் லாக்டோஸைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார்கள். அரை லிட்டர் பாலில் இருக்கும் அளவு, மந்தமான தித்திப்பு. அரை மணிக்கு ஒருமுறை ஊத வேண்டும், மூன்று மணி நேரம். பாலில் இருக்கும் இந்தச் சர்க்கரையைச் சிறுகுடலில் லாக்டேஸ் என்ற நொதி உடைக்க வேண்டும். நொதி போதாவிட்டால் அது அப்படியே பெருங்குடலுக்குப் போய், அங்கிருக்கும் பாக்டீரியா கையில் சிக்கிப் புளிக்கும். அதில் கிளம்பும் ஹைட்ரஜன் ரத்தம் வழியாக மூச்சில் வரும். முதல் ஊதலைவிட 20 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 20 பங்கு, கூடினாலே லாக்டோஸ் செரிக்கவில்லை என்பது உறுதி. எனக்கு இரண்டாவது மணிக்குள் 90 கூடியிருந்தது. மூன்றாவது மணியில் கருவியருகே இருந்ததைவிடக் கழிப்பறையில்தான் அதிகம் இருந்தேன்.

வயது ஏற ஏற லாக்டேஸ் குறைவது உலகத்தில் பெரும்பாலோருக்கு நடப்பதுதானாம். எனக்கு ரொம்பவே குறைந்துவிட்டது. இது அலர்ஜி இல்லை, அலர்ஜி என்பது பால் புரதத்தோடு உடம்பு போடும் சண்டை. இதை வீட்டில் புரியவைக்க மூன்று மாதம் ஆனது. "பாக்கெட் பால்தான் ஆகலை, நாட்டு மாட்டுப் பால் குடி" என்று பெரியப்பா இன்னமும் சொல்கிறார். எந்த மாட்டுப் பாலிலும் லாக்டோஸ் உண்டு, பெரியப்பா.

முதல் நான்கு வாரம் பால் வாசனையே கூடாது என்று உத்தரவு. காபியை விட்டேன், சரி. ஆனால் பிஸ்கெட்டில் பால்பவுடர், பிரெட்டில் வே பவுடர் (பால் திரிந்த நீரின் பொடி), ஹோட்டல் குருமாவில் கிரீம். வயிற்றுக்குத் தந்த மாத்திரையின் அட்டையிலேயே லாக்டோஸ் மோனோஹைட்ரேட்! பதறிப்போய் மருத்துவரிடம் கேட்டேன். மாத்திரையில் இருப்பது துளி, அது ஒன்றும் செய்யாது என்று சிரித்தார்.

நெய் மட்டும் என்னைக் கைவிடவில்லை. அதில் லாக்டோஸ் கிட்டத்தட்ட இல்லை. கால்சியத்துக்குக் கேழ்வரகும் நெத்திலியும். தயிர்சாதம் இல்லாமல் சாப்பாட்டை எப்படி முடிப்பது என்பதற்குத்தான் கடைசி வரை பதில் கிடைக்கவில்லை. ரசத்தோடு எழுந்தால் பாதியில் எழுந்த மாதிரி இருக்கும்.

ஐந்தாவது வாரத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். நன்றாகப் புளித்த தயிரைக் கடைந்து நீர் விளாவினால் அரை டம்ளர் தாங்குகிறது. முக்கால் டம்ளர் தாங்காது, சோதித்துவிட்டேன். அம்மா டிகாஷனில் தேங்காய்ப்பால் ஊற்றித் தந்தாள். காபியாகவும் இல்லை, ஆப்பத்துக்கும் ஆகாது. இப்போது பழகிவிட்டது.

விசேஷங்களுக்கு லாக்டேஸ் மாத்திரை. முதல் வாயோடு போட வேண்டும், பாயசம் குடித்து ஒரு மணி கழித்துப் போட்டுப் பயனில்லை. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் அதை வாயில் போட்டபோது பக்கத்து இலைக்காரர், "இந்த வயசிலேயே சுகரா தம்பி?" என்று வருத்தப்பட்டார். விளக்க ஆரம்பித்தால் பாயசம் ஆறிவிடும். ஆமாங்க என்று தலையாட்டினேன்.