நடைப்பயிற்சித் திட்டத்தை யார் தீட்டுவது?

பினாங்கில் நாங்கள் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் பெண்களுக்கான உடற்பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கலாம் என்ற பேச்சு எழுந்ததும், ஞாயிறு காலையில் இசைக்கேற்ப ஆடிப் பயிலும் ஜும்பா நடத்தலாம் என்றே குடியிருப்பாளர் குழுவில் பலரும் சொன்னார்கள். ஒலிபெருக்கியும் பயிற்றுநரும் கிடைத்தால் போதும் என்பதால் அது எளிதாகத் தோன்றியது. வரவேண்டிய பெண்களிடம் யாரும் கேட்கவில்லை.

இதில் அக்கறை காட்டக் காரணம் உண்டு. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. மலேசியாவில் 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வுப்படி, பெரியவர்களில் பத்தில் ஏறக்குறைய மூவருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. நீரிழிவு நம் இந்தியக் குடும்பங்களில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிறகு வீடு வீடாகச் சென்று கேட்டபோது வேறொரு சித்திரம் கிடைத்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இரவு வேலை முடித்து வருபவர்களுக்குக் காலை என்பது உறங்கும் நேரம். மற்றவர்களுக்கு ஞாயிறு காலை துணி துவைக்கவும் சமைக்கவும் கோவிலுக்குப் போகவுமே சரியாகிவிடுகிறது. ஆண்கள் அமர்ந்திருக்கும் கீழ்த்தளத்தில் ஆடக் கூச்சமாக இருக்கிறது என்று பலர் தயக்கத்தோடு சொன்னார்கள். "தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுற கால்தானே தம்பி இது, திடலுக்குப் போற வழியில விளக்கு போட்டா தினமும் நடப்பேன்" என்றார் ஓர் அக்கா. அவருக்கு உடற்பயிற்சியின் நன்மையை விளக்கும் சுவரொட்டி எதற்கு?

கருத்துக் கேட்பதோடு நின்றுவிட்டால் அது பங்கேற்பு ஆகாது. மக்களுக்கு எவ்வளவு அதிகாரம் கிடைக்கிறது என்பதைக் காட்ட அமெரிக்கரான ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் வகுத்த எட்டுப் படிப் பங்கேற்பு ஏணியில், கலந்தாலோசனை நான்காம் படிதான். முடிவெடுக்கும் அதிகாரம் அதற்கும் மேலே இருக்கிறது. இதற்கான முன்மாதிரியை நாம் வெளியே தேட வேண்டாம். பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகம் 2012இல் இரண்டு நகராண்மைக் கழகங்களோடு சேர்ந்து தொடங்கிய பாலினச் சமத்துவ வரவுசெலவுத் திட்டத்தில், ஜாலான் சுங்கை, அம்பாங்கான் குடியிருப்பு மக்கள் தங்கள் தேவைகளைப் பேசி, பணத்தை எதற்குச் செலவிடுவது என்று வாக்களித்தார்கள். பெண்களிடம் தனியாகக் கேட்பது எவ்வளவு முக்கியம் என்பது, கணவரும் மாமியாரும் அமர்ந்திருக்கும் கூட்டத்தில் ஒரு மருமகள் எவ்வளவு பேசுவாள் என்று எண்ணினாலே விளங்கும்.

ஆகவே பயிற்றுநருக்கென ஒதுக்கிய தொகையை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறோம். விளக்குக்கும், முதியவர்கள் இடையில் உட்கார ஒரு பெஞ்சுக்கும் அதைப் பயன்படுத்துவதா, இரவு வேலை செய்பவர்களுக்கெனத் தனி மாலை வகுப்பு வைப்பதா என்பதை அடுத்த கூட்டத்தில் அந்தப் பெண்களே வாக்களித்து முடிவு செய்வார்கள்.