மாடியில் நின்றது யார்?

நேற்று இரவு கரண்ட் போன நேரம். மொட்டைமாடியில் யாரோ நிற்பதுபோல் தெரிய, "யாரது?" என்று அதட்டினேன். டார்ச் அடித்தால், கொடியில் காயப்போட்ட என் மழைக்கோட்டு.

அப்புறம் படுத்தபோது மணிமேகலை ஞாபகம் வந்தது. அதில் தர்க்கம் பேசும் அளவைவாதி ஒருவன், பத்து அளவைகளையும் (அதாவது, சரியாக அறியும் வழிகளையும்) எட்டு வகைப் பிழை அறிவையும் அடுக்குவான். கிளிஞ்சலை வெள்ளி என்று எண்ணுவது திரியக்கோடல். கட்டையா, ஆளா என்று குழம்புவது ஐயம். யோசிக்காமலே கட்டையை ஆள் என்று முடிவுகட்டினால் தேராது தெளிதல். என் கேஸ் இதுதான்.

ஊர் பேச்சை நம்பி 'இந்த மரத்தில் பேய் உண்டு' என்று தெளிவது ஐதிகம். வேடிக்கை என்னவென்றால், அதுவும் அந்தப் பத்து அளவைகளில் ஒன்று! மணிமேகலைக்கு அறம் சொல்லும் பௌத்தத் துறவி அறவண அடிகள் கறார். புத்தருக்கு அளவை இரண்டே என்கிறார்: காட்சி, அனுமானம். அனுமானத்திலும் பிழை வருமாம். புகையைக் கண்டு நெருப்பை அறிவதுபோல, விளைவிலிருந்து காரணத்துக்குப் போவது மட்டும் தவறாதாம். எனக்கு அடிகள் கட்சிதான்.

காலையில் பக்கத்து வீட்டு அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ராத்திரி உங்க மாடியில ஏதோ நின்னுச்சாமே தம்பி?"