சித்தப்பா கடைக் கணினிக்கு ஒரு முழு நகல்

விருதுநகரில் சித்தப்பா நடத்தும் டிடிபி சென்டரில் விண்டோஸ் 7 ஓடும் கணினி ஒன்று இன்னமும் வேலை செய்துகொண்டிருக்கிறது. 2020 ஜனவரியிலேயே மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. அதனால் அதில் இணைய இணைப்பு கிடையாது. ஆனால் கடையின் உயிர் அதில்தான் இருக்கிறது. பக்க வடிவமைப்புக்கான பேஜ்மேக்கர் 7, பாமினி முதலான பழைய எழுத்துருக்கள், டைப்ரைட்டர் முறையில் தட்டச்சு செய்ய உதவும் ஒரு சின்ன மென்பொருள், கல்யாணப் பத்திரிகைக்கும் காதணி விழாவுக்கும் வருஷக்கணக்காகச் சேர்த்த மாதிரிகள், இரண்டு பிரிண்டர்களின் டிரைவர்கள். அந்தத் தட்டச்சு மென்பொருளின் சிடி இப்போது எங்கே தேடினாலும் கிடைக்காது.

டி டிரைவில் உள்ள கோப்புகளைப் பென்டிரைவில் போட்டுவைத்திருப்பதால் கவலையில்லை என்றுதான் சித்தப்பா சொல்லுவார். கோப்பு இருக்கும், சரி. ஹார்டு டிஸ்க் போய்விட்டால் அதைத் திறக்கிற கணினி இருக்காதே! விண்டோஸை மறுபடி நிறுவ ஒரு மணி நேரம் போதும். அங்கே தட்டச்சு செய்யும் அக்காவின் கை பழகிய விசைகள், குறுக்குவழிகள், மார்ஜின் அளவுகள் எல்லாம் பழையபடி அமைய வாரக்கணக்கில் ஆகும். முகூர்த்த மாதத்தில் அப்படி ஆனால் கடையையே மூட வேண்டியதுதான்.

ஹார்டு டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் பார்த்தபோது டிஸ்கின் நிலை மஞ்சளில் ‘எச்சரிக்கை’ என்று வந்தது. அதற்கு மேல் தள்ளிப்போடவில்லை. டிஸ்கில் தரவு பதியும் சிறு பகுதிகளான செக்டர்கள் நிறையக் கெட்டபிறகு நகல் பாதியில் நின்றுவிடும். கெட்டதைத் தாண்டிப் போகச் சொல்லும் வசதி உண்டு, ஆனால் எந்தக் கோப்பு ஓட்டையாகியிருக்கும் என்று யார் தேடுவது? டிஸ்க் ஆரோக்கியமாக இருக்கும்போதே எடுப்பதுதான் நல்லது.

நான் பயன்படுத்தியது டிஸ்கை அப்படியே நகலெடுக்கும் குளோன்ஸில்லா என்ற மென்பொருள். தைவானின் தேசிய உயர்திறன் கணிப்பு மையத்தில் உருவானது, இலவசம். இணையம் உள்ள வேறு கணினியில் அதன் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருள் மூலம் பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து கடைக் கணினியைப் பூட் செய்ய (தொடங்க) வேண்டும். விண்டோஸ் ஓடாமல் இருக்கும்போது வெளியில் இருந்து டிஸ்கைப் படிக்கிறது என்பதுதான் இதன் பலம். பூட் பகுதி, சி, டி எல்லாமே ஒரே இமேஜாக, அதாவது முழு டிஸ்கின் நகலாக, வெளி ஹார்டு டிஸ்குக்குப் போய்விடும். தரவு இருக்கும் இடங்களை மட்டும் எடுப்பதால் 500 ஜிபி டிஸ்குக்கு 500 ஜிபி இடம் தேவைப்படாது. முடிந்ததும் இமேஜ் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கட்டுமா என்று கேட்கும். ஆமாம் என்றே சொல்லுங்கள். நேரம் கூடினாலும் பரவாயில்லை.

விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தைய கணினி என்றால் முதலில், விரைவில் திறப்பதற்காக விண்டோஸை முழுதாக மூடாமல் வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியை அணைத்துவிட்டு முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள். இல்லாவிட்டால் டிஸ்க் அரைத்தூக்கத்திலேயே இருக்கும். டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் வசதியைப் போட்டிருந்தால் மீட்புச் சாவியைத் தாளில் எழுதிவைப்பது அவசியம்.

புதிய டிஸ்க் வாங்கும்போது ஒரு விஷயம். கடைக்காரர் 480 ஜிபி எஸ்எஸ்டியைத்தான் முதலில் காட்டினார். 500 ஜிபி டிஸ்கின் இமேஜை அதில் நேராக இறக்க முடியாது, சேருமிடம் பழையதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும். சி டிரைவைச் சுருக்கி வழி பண்ணலாம்தான். விலையில் பெரிய வித்தியாசம் இல்லாதபோது அந்தச் சிரமம் எதற்கு? 512 வாங்கினோம்.

அப்புறம், எடுத்த இமேஜை ஒருமுறையாவது இறக்கிப் பார்க்காமல் நிம்மதி வராது. பழைய டிஸ்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, எஸ்எஸ்டியை மாட்டி, இமேஜை இறக்கினோம். எந்த டிஸ்கில் எழுதுகிறோம் என்பதை மாடல் பெயரையும் அளவையும் வைத்து உறுதிசெய்வது முக்கியம், ஏனென்றால் அதில் இருக்கும் எல்லாம் அழிந்துபோகும். பழையதைக் கழற்றிவிட்டால் அந்தப் பயமே இல்லை. விண்டோஸ் வந்தது, பேஜ்மேக்கர் திறந்தது, அக்கா ஒரு பத்திரிகை மாதிரியை எடுத்து நாலு வரி அடித்து அச்சடித்துப் பார்த்தார். ‘ஸ்ரீ’ முதல் கொம்பு வரை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. முன்பைவிட வேகமாகத் திறப்பதாகவும் சொன்னார்.

குளோன்ஸில்லாவிலேயே இன்னொரு வசதி இருக்கிறது. இமேஜையும் பூட் ஆகும் பகுதியையும் சேர்த்து ஒரே பென்டிரைவாக ஆக்கித் தரும். அதைச் செருகிப் பூட் செய்தால் போதும், மீட்பு வேலை தொடங்கிவிடும். 128 ஜிபி பென்டிரைவில் அப்படி ஒன்று செய்து சித்தப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். எடுத்த தேதியும், ‘போட்டால் டிஸ்கில் இருப்பது அழியும், முதலில் எனக்குப் போன் பண்ணுங்கள்’ என்ற வரியும் அதில் கட்டிய அட்டையில் இருக்கின்றன. வெளி ஹார்டு டிஸ்க் கடையில் இல்லை, வீட்டு பீரோவில் இருக்கிறது. அடுத்த மாதம் புது பிரிண்டர் வருகிறதாம். அதன் டிரைவரைப் போட்டு முடித்ததும் புதிதாக ஒரு இமேஜ் எடுக்க வேண்டும். பழையதையும் அழிக்காமல் வைத்திருக்கப்போகிறேன்.